வரி கட்டாமல் விட்டுப்போன நிலம்



அழைப்பிதழில் என் பேச்சுக்கு 'வீட்டு வண்டியில் பன்னிரண்டு நாள்' என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள். நான் கொடுத்ததுதான் அது. ஆனால் பேச்சை எழுத உட்கார்ந்தபோது வேறொரு விஷயம் முன்னால் வந்து நின்றுவிட்டது. நிலம் எப்படி ஒருவர் கையைவிட்டுப் போகிறது, போன பிறகு அதை யார் கையில் எடுக்கிறார்கள் என்ற விஷயம். அச்சில் வரும்போது தலைப்பை மாற்றிக்கொள்ள அமைப்பாளர்களிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன்.

2022 செப்டம்பர் கடைசியில் நானும் என் கணவரும் டெட்ராய்ட் புறநகரிலிருந்து ஓர் ஆர்.வி.யை வாடகைக்கு எடுத்துக்கொண்டு கிளம்பினோம். மிச்சிகன் மாநிலத்தின் வடக்கு நுனி வரை போய்த் திரும்பினோம். சுமார் 1,300 மைல். வழியில் நாங்கள் வாழ்ந்த இரண்டு ஊர்கள் இருந்தன. ஒன்று ஹோட்டன். 1984-ல் கல்யாணமாகி நான் போய் இறங்கிய ஊர் அது. அப்போது அவர் அங்கே உலோகவியல் படித்துக்கொண்டிருந்தார். மற்றது ஃபிளின்ட். 1988 முதல் 2000 வரை அங்கே இருந்தோம். எங்கள் இரண்டு பிள்ளைகளும் பிறந்தது அந்த ஊரில்தான்.

ஆர்.வி. என்பதை இங்கே பலரும் படத்தில் பார்த்திருப்பீர்கள். வேனின் அடிச்சட்டத்தின்மேல் ஒரு சின்ன வீட்டைக் கட்டியிருப்பார்கள். அமெரிக்காவில் ஓடுகிற ஆர்.வி.களில் பெரும்பகுதி இந்தியானா மாநிலத்தின் எல்கார்ட் வட்டாரத்தில் செய்யப்படுபவை. எங்கள் வண்டி 25 அடி நீளம். ஓட்டுநர் தலைக்கு மேலே ஒரு படுக்கை, பின்னால் ஒரு படுக்கை, இரண்டு பேர் எதிரெதிரே உட்காரும் மேசை, கேஸ் அடுப்பு, ஃபிரிட்ஜ், ஒரு கழிப்பறை. தரைக்கு அடியில் மூன்று தொட்டிகள். நல்ல தண்ணீருக்கு ஒன்று. பாத்திரம் கழுவிய, குளித்த தண்ணீருக்கு ஒன்று. அதை கிரே டேங்க் என்பார்கள். கழிப்பறைக்கு ஒன்று, அது பிளாக் டேங்க். மூன்று நாளைக்கு ஒருமுறை அதற்கென்று இருக்கும் இடத்தில் வண்டியை நிறுத்தி, குழாயை மாட்டி, முதலில் கறுப்பையும் அப்புறம் சாம்பலையும் திறந்துவிட வேண்டும். அந்த வரிசை முக்கியம். கறுப்பு போன குழாயைச் சாம்பல் நிறத் தண்ணீர் கழுவிவிடும்.

முதல் தடவையே குழாய் ஒழுகியது. வண்டியை வாடகைக்கு விட்டவர்கள் வெடிப்புவிட்ட குழாயைக் கொடுத்திருந்தார்கள். என் கணவர் ஒன்றும் சொல்லாமல் கையுறையை மாட்டிக்கொண்டு மண்டியிட்டு, கடைசிச் சொட்டு வரை கழுவிவிட்டு எழுந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. முப்பத்தெட்டு வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்தும், எங்கள் வீட்டுத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு நாளும் யோசித்ததில்லை. அந்தப் பன்னிரண்டு நாளும் தினமும் யோசித்தோம். ஒரு செம்புத் தண்ணீரில் இரண்டு தட்டுக் கழுவினோம்.

நான் கோபிசெட்டிபாளையத்துக்காரி. சின்ன வயதில் சத்தியமங்கலம் பக்கத்துப் பண்ணாரிக்கு, குண்டம் திருவிழாவுக்குக் கூண்டு வண்டி கட்டிக்கொண்டு போவோம். வண்டிக்கடியில் வைக்கோல், உள்ளே சமுக்காளம், கட்டுச்சோறு, ஒரு குடம் தண்ணீர். அந்தக் குடத்தை அம்மா யாரையும் தொட விடமாட்டார். நாற்பது வருஷத்துக்கும் மேல் கழித்து, சத்தியமங்கலத்துக்கும் மிச்சிகனுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லாத ஒரு காட்டோரத்தில், எனக்கு அம்மாவின் அந்தக் கட்டுப்பாடு புரிந்தது.

டெட்ராய்டிலிருந்து வடக்கே போனால் ஒரு மணி நேரத்தில் ஃபிளின்ட் வந்துவிடும். அவர் வண்டியின் வேகத்தைக் குறைத்தார். "இறங்கிப் பார்க்கலாமா?" என்றார். "வரும்போது பார்த்துக்கலாமுங்க" என்றேன். எனக்கு அன்று மனம் வரவில்லை.

நேராகக் கிரேலிங் என்ற ஊருக்குப் போனோம். அதற்குப் பக்கத்தில் ஹார்ட்விக் பைன்ஸ் என்று ஒரு மாநிலப் பூங்கா. அங்கே கோடரி படாத வெள்ளைப் பைன் காடு 49 ஏக்கர் இருக்கிறது. 350 வருஷத்துக்கும் மேற்பட்ட மரங்கள். அடியில் நின்று நிமிர்ந்தால் முதல் கிளையே நம் ஊர்க் கோயில் கோபுர உயரத்தில் தொடங்குகிறது. கீழே ஓசையே இல்லை. ஊசி இலைகள் உதிர்ந்து உதிர்ந்து தரை மெத்தையாகிவிட்டது. வடக்கு மிச்சிகனின் பல பகுதிகள் ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்தன. மிஞ்சிய சில துண்டுகளில் இது ஒன்று.

மற்றதெல்லாம் எங்கே போயிற்று? 1870-க்கும் 1890-க்கும் இடையில் அமெரிக்காவில் மிக அதிகமாக மரம் அறுத்த மாநிலம் மிச்சிகன். மரமே இல்லாத புல்வெளி மாநிலங்களில் குடியேறியவர்களின் வீடுகளும், 1871 தீயில் எரிந்த சிகாகோ மறுபடி எழுந்தபோது வேண்டியிருந்த பலகைகளும் இந்தக் காட்டிலிருந்து போயின. மரம் வெட்டுவது குளிர்காலத்தில். இரவில் பாதைமேல் தண்ணீரைத் தெளித்து விடுவார்கள். விடிவதற்குள் அது பனிக்கட்டியாகிவிடும். அதன்மேல் சறுக்குவண்டியில் அடிமரங்களை ஏற்றி ஆற்றங்கரைக்கு இழுப்பார்கள். நம் ஊரில் மாட்டுக்குச் சூடு போடுவதுபோல ஒவ்வொரு மரத்தின் வெட்டுமுகத்திலும் முதலாளியின் அடையாளத்தைச் சுத்தியலால் குத்துவார்கள். வசந்தத்தில் பனி உருகி ஆறு பெருகும்போது எல்லா முதலாளிகளின் மரமும் ஒன்றாக மிதந்து போகும். கீழே அறுவை மில்லில் அடையாளம் பார்த்துப் பிரிப்பார்கள். பனியில்லாத காலத்துக்குப் பத்தடி உயரச் சக்கரங்கள் செய்தார்கள். அச்சுக்கு அடியில் மரத்தைச் சங்கிலியால் தொங்கவிட்டுக் குதிரை பூட்டி இழுக்கலாம். அந்தச் சக்கரம் ஒன்று பூங்காவின் கண்காட்சியில் நிற்கிறது. அதன் பக்கத்தில் நான் நின்றபோது என் தலை அச்சுக்குத்தான் எட்டியது.

வெட்டி முடித்ததும் கிளைகளையும் நுனிகளையும் காட்டிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். அது காய்ந்து, பற்றி எரிந்தது. 1881-ல் மாநிலத்தின் கிழக்கு ஓரத்தில் மூண்ட தீயில் 280-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் முதன்முதலில் நிவாரணத்துக்கு இறங்கியது அந்தத் தீயில்தான். எஞ்சிய நிலத்தை விவசாயிகளுக்கு விற்றார்கள். அது மணல். இரண்டு மூன்று போகத்தில் சத்துப் போய்விட்டது. விவசாயியும் போனார். மரக் கம்பெனிகளுக்கும் அந்த நிலத்தால் இனி பயனில்லை. யாரும் வரி கட்டவில்லை. வரி கட்டாத நிலம் சட்டப்படி மாநில அரசின் கையில் வந்து விழுந்தது. ஒரு ஏக்கர், நூறு ஏக்கர் அல்ல, லட்சக்கணக்கான ஏக்கர். யாருக்கும் வேண்டாத, கட்டையும் கரியுமாகக் கிடந்த நிலம்.

அரசு அதை என்ன செய்தது என்பதுதான் எனக்கு முக்கியம். 1903-ல் ஹிக்கின்ஸ் ஏரிப் பக்கம் முதல் வன ஒதுக்கீட்டை அறிவித்து, நாற்றங்கால் போட்டார்கள். முப்பது வருஷம் மெல்ல நகர்ந்தது. 1933-ல், பெரும் பொருளாதாரச் சரிவின் நடுவில், அதிபர் ரூஸ்வெல்ட் வேலையில்லாத இளைஞர்களுக்காக ஒரு படை அமைத்தார். மாதம் 30 டாலர் சம்பளம். அதில் பெரும்பகுதி நேராகப் பெற்றோருக்குப் போய்விடும். மிச்சிகனில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் அதில் சேர்ந்தார்கள். 1942-ல் படை கலைக்கப்படுவதற்குள் இந்த ஒரு மாநிலத்தில் அவர்கள் நட்ட மரங்கள் 48 கோடிக்கும் மேல். இன்று மாநில அரசின் வசம் ஏறக்குறைய 40 லட்சம் ஏக்கர் வனம் இருக்கிறது. நாங்கள் இரவு தங்கிய முகாம்களில் பாதி, ஒரு காலத்தில் வரி கட்டாமல் விடப்பட்ட நிலம்.

நட்ட காடு பழைய காடு ஆகிவிடாது. சிவப்புப் பைன்கள் இன்னமும் வரிசை வரிசையாக, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்போல நிற்கின்றன. ஹார்ட்விக்கின் 49 ஏக்கரில் நின்றுவிட்டு அங்கே போனால் வித்தியாசம் உடனே தெரியும். ஆனால் வெறும் மணலாகக் கிடந்ததை நினைத்துப் பார்த்தால் அந்த வரிசைகளை நான் கையெடுத்துக் கும்பிடுவேன்.

அந்த 49 ஏக்கரின் கதையையும் சொல்லிவிடுகிறேன். காரன் மிக்கெல்சன் ஹார்ட்விக் என்ற அம்மையார், மரக் கம்பெனிப் பங்குதாரர் ஒருவரின் மகள். அவர் கணவர் எட்வர்ட் முதல் உலகப்போரின்போது ராணுவ அதிகாரியாகப் பிரான்சுக்குப் போய் 1918-ல் அங்கேயே இறந்துவிட்டார். 1927-ல் அந்த அம்மையார், தன் தகப்பனாரின் கம்பெனியிடமிருந்தே சுமார் 8,000 ஏக்கரை வாங்கி, கணவர் நினைவாக மாநிலத்துக்குக் கொடுத்தார். அதில் வெட்டாத காடு 80 ஏக்கருக்கும் மேல் இருந்தது. 1940-ல் அடித்த புயல் ஏறக்குறைய பாதியைச் சாய்த்துவிட்டது. அங்கே மரங்களுக்கு நடுவில் சின்னதாக ஒரு மரத்தாலான ஜெபக்கூடம் இருக்கிறது. நாங்கள் இருவரும் வெகுநேரம் அதில் உட்கார்ந்திருந்தோம். வீட்டுக்காரர் நினைவாகக் கோயிலுக்கு விளக்கு வாங்கி வைப்பதை நான் பார்த்திருக்கிறேன். காட்டை வாங்கி வைத்தவரைப் பற்றி அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

கிரேலிங் பக்கத்து மணல்வெளியில் இன்னொரு மரம் உண்டு. ஜாக் பைன். அழகில்லாத மரம், விறகுக்குத்தான் ஆகும் என்பார்கள். அதன் காய்கள் பிசினால் ஒட்டி மூடிக்கிடக்கும். தீயின் சூடு பட்டால்தான் பிசின் உருகி விதை உதிரும். 15 கிராம்கூட இல்லாத கிர்ட்லண்ட் கதிர்க்குருவி, ஐந்து வயதிலிருந்து இருபது வயதுக்குள் இருக்கும் ஜாக் பைன் கன்றுகளின் அடியில், தரையில்தான் கூடு கட்டும். மரம் வளர்ந்து கீழ்க்கிளை உதிர்ந்துவிட்டால் அதற்கு அந்தக் காடு ஆகாது. மனிதர்கள் தீயை அடக்கக் கற்றுக்கொண்டதும் இளங்காடு குறைந்தது, குருவியும் குறைந்தது. குயிலைப்போல அடுத்தவர் கூட்டில் முட்டையிடும் கௌபேர்ட் வேறு, வயல்கள் பெருகியதும் இந்தப் பக்கம் வந்துவிட்டது. 1974-லும் 1987-லும் எண்ணிப் பார்த்தபோது பாடுகிற ஆண் குருவிகள் 167-தான்.

1980-ல் குருவிக்காகக் காட்டைத் திட்டமிட்டு எரிக்கப் போய், தீ கைமீறி 24,000 ஏக்கரை எரித்தது. தீயணைக்கப் போன ஒருவர் இறந்தார், வீடுகள் போயின. அந்தத் துக்கத்தின்மேல் முளைத்த கன்றுகளில்தான் பத்து வருஷம் கழித்துக் குருவிகள் பெருகின. பிறகு எரிப்பதைக் குறைத்து, பகுதி பகுதியாக வெட்டி நடுவதென்று முறை வைத்தார்கள். 2019-ல் அழிவின் விளிம்பில் உள்ள உயிரினப் பட்டியலிலிருந்து அதன் பெயரை நீக்கினார்கள். நாங்கள் போனபோது குருவி இல்லை. குளிருக்குப் பயந்து பஹாமாஸ் தீவுகளுக்குப் பறந்திருந்தது. அது கூடுகட்டும் கன்றுகளை மட்டும் பார்த்தோம். என் இடுப்பு உயரம். அடிக்கிளைகள் மண்ணைத் தொட்டுக்கொண்டிருந்தன.

அங்கிருந்து வடக்கே போனோம். மிச்சிகனின் கீழ், மேல் தீபகற்பங்களைச் சேர்க்கும் மெக்கினா பாலம் 1957-ல் திறந்தது, ஐந்து மைல். நடுத்தடம் இரும்புச் சல்லடை. கீழே ஏரி தெரியும். காற்று பலமாக இருந்தால் எங்களுடையது போன்ற உயரமான வண்டிகளுக்குத் துணைவண்டி அனுப்புவார்கள். "ஏனுங்க, இது தாங்குமுங்களா?" என்று கேட்டேன். "எஃகு, தாங்கும்" என்றார் உலோகவியல்காரர். அப்புறம் அக்கரை சேரும் வரை இருவரும் பேசவில்லை.

மேல் தீபகற்பத்தில் ஒரு முழு நாள் மரங்களுக்கு நடுவில் ஓட்டினோம். சீனி என்ற ஊரில் நின்றோம். ஹெமிங்வே ஒரு கதையில் எரிந்துபோன ஊராகக் காட்டுவது இதைத்தான். மரம் வெட்டி, தீயில் எரிந்து, விவசாயத்துக்காக ஈரம் வடிகட்டப்பட்டு, அதிலும் தோற்ற நிலம். 1935-ல் அதைப் பறவைச் சரணாலயமாக்கி, நான் சொன்ன அதே இளைஞர் படையை விட்டு வரப்பு கட்டித் தண்ணீர் தேக்கினார்கள். நாங்கள் போனபோது அதில் கொக்குகள் நின்றன.

மறுநாள் 41-ஆம் எண் நெடுஞ்சாலையில் ஆல்பர்ட்டா என்ற சின்னஞ்சிறு குடியிருப்பு வந்தது. 1930-களில் ஹென்றி ஃபோர்டு கட்டிய மாதிரி மில் கிராமம். ஒரு டஜன் வீடு, ஒரு மில், ஒரு குளம். அந்தக் காலத்துக் கார்களின் உடம்புக்குள் மரச்சட்டம் இருந்தது என்பதை நாம் மறந்துவிட்டோம். 1920 முதல் ஃபோர்டு இந்தப் பக்கம் லட்சக்கணக்கான ஏக்கர் காட்டை வாங்கினார். இரும்புச் சுரங்க ஊர் ஒன்றின் ஓரத்தில் அறுவை மில் வைத்தார். மிஞ்சிய மரத்துண்டுகளைக் கரியாக்கி விற்றார். அந்தக் கரி, நிலம் வாங்க உதவிய கிங்ஸ்ஃபோர்டு என்ற உறவினரின் பெயரில் இன்றும் எல்லாக் கடையிலும் மூட்டையாகக் கிடைக்கிறது. அன்று மாலை முகாமில் அந்தக் கரியில்தான் நாங்கள் சோளம் சுட்டோம். மூட்டையைப் பிரித்துக்கொண்டே அவர் சொன்னார்: "காட்டை வெட்டி வண்டி செஞ்சாங்க. வண்டி ஏறி நாம காட்டைப் பாக்க வந்திருக்கோம்." நான் பதில் சொல்லவில்லை. அது உண்மைதான். எங்கள் பல வருஷச் சாப்பாடும் அந்த வண்டியிலிருந்து வந்தது.

லான்ஸ் என்ற ஊரில் விரிகுடா தெரிகிற இடத்தில் நின்றோம். இங்கே ஒஜிப்வே மக்களின் நிலம் இருக்கிறது. 1842-ல் இந்தப் பகுதி முழுவதையும் அமெரிக்க அரசுக்கு எழுதிக் கொடுக்கச் செய்தார்கள். 1854 ஒப்பந்தத்தில் ஒரு சின்னப் பகுதி அவர்களுக்கென்று ஒதுக்கப்பட்டது. இந்தத் தீபகற்பத்தில் தாமிரத்தைத் தோண்டித் தட்டிக் கருவி செய்யும் வேலை பல ஆயிரம் ஆண்டுக்கு முன்பே நடந்திருக்கிறது. பழைய ஊர், சொந்த ஊர் என்று நான் பேசும்போதெல்லாம் அந்த விரிகுடா ஞாபகத்துக்கு வருகிறது. நாங்கள் இருந்தது பதினாறு வருஷம்.

ஹோட்டனுக்கு மாலையில் போய்ச் சேர்ந்தோம். தூக்குப் பாலம், சரிவில் ஏறும் வீடுகள், கீழே கால்வாய். 1984 ஜனவரியில் நான் வந்து இறங்கியபோது இந்த ஊர் முழுக்க வெள்ளையாக இருந்தது. வீட்டு வாசலிலிருந்து தெரு வரை பனியை வெட்டி வழி செய்திருந்தார்கள். இரு பக்கமும் என் தலைக்கு மேலே பனிச்சுவர். 1978-79 குளிர்காலத்தில் பக்கத்துக் கீவினா மாவட்டத்தில் 390 அங்குலத்துக்குமேல் பனி விழுந்தது. அதைச் சாலையோரத்தில் ஒரு பெரிய அளவுகோல் வைத்துக் காட்டியிருக்கிறார்கள். புழுங்கலரிசியும் உளுந்தும் வாங்க சிகாகோவின் டெவான் தெருவுக்கு 400 மைலுக்குமேல் போய்வர வேண்டும். நாலு மாணவர் குடும்பம் சேர்ந்து ஒரு காரில் போவோம்.

மேல்வீட்டில் ஃபின்லாந்துப் பாட்டி ஒருவர் இருந்தார். கார்ன்வால் சுரங்கத் தொழிலாளர்கள் கொண்டுவந்த பேஸ்டி என்ற பண்டத்தை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். உருளைக்கிழங்கும் வேறொரு கிழங்கும் கறியும் வைத்து மடித்துச் சுட்டது. சுரங்கத்துக்குள் கையில் பிடித்துச் சாப்பிடலாம். நான் பச்சை மிளகாயும் சீரகமும் போட்டுச் செய்து கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணில் தண்ணீர் வர வர முழுவதையும் சாப்பிட்டார். எனக்கு அந்த நாட்டில் கிடைத்த முதல் தாய்வீடு அந்த மாடி. இப்போது அந்தக் கட்டடம் இருக்கிறது. ஜன்னலில் வேறு யாரோ ஒரு மாணவனின் சைக்கிள் தெரிந்தது. மனம் நிறைந்தது.

ஹோட்டன் பிழைத்ததற்கு ஒரு காரணம் உண்டு. 1885-ல், தாமிரச் சுரங்கங்கள் கொழித்துக்கொண்டிருந்தபோதே, மாநில அரசு இங்கே ஒரு சுரங்கப் பள்ளியை ஏற்படுத்தியது. அதுதான் இன்றைய மிச்சிகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். சுரங்கங்கள் மூடின, பள்ளி நின்றது, அதைச் சுற்றி ஊரும் நின்றது. வடக்கே பன்னிரண்டு மைலில் இருக்கும் கேல்யுமெட்டுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நூறு வருஷத்துக்கும் முன்னால் அந்த வட்டாரத்தில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் இருந்தார்கள். 1900-ல் கட்டிய நாடக அரங்கம் இன்னும் நிற்கிறது. இன்று கிராமத்தில் ஆயிரம் பேர்கூட இல்லை.

அங்கே ஒரு வளைவு இருக்கிறது. கதவும் கட்டடமும் இல்லாத, செங்கல்லும் கல்லுமான வளைவு மட்டும். 1913-ல் தாமிரத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது, கிறிஸ்துமஸுக்கு முந்தின மாலை, தொழிலாளர் குடும்பங்களின் குழந்தைகளுக்காக இத்தாலியன் ஹால் என்ற கட்டடத்தின் மாடியில் விழா வைத்திருந்தார்கள். யாரோ 'தீ' என்று கத்தினார்கள். தீ இல்லை. படிக்கட்டில் நெரிந்து 73 பேர் இறந்தார்கள். அவர்களில் 59 பேர் குழந்தைகள். அந்த ஹாலை 1984-ல் இடித்தார்கள், வாசல் வளைவு மட்டும் மிஞ்சியது. நாங்கள் பன்னிரண்டு மைல் தள்ளி இருந்த அதே வருஷம். எங்களுக்கு அது தெரியவே தெரியாது. பக்கத்து ஊரில் என்ன நடந்தது, என்ன இடிபடுகிறது என்று கேட்காமலே நாலு வருஷம் இருந்துவிட்டு வந்திருக்கிறோம். அதற்காக நான் வெட்கப்படுகிறேன். என் மகளிடமும் அப்படியே சொன்னேன்.

41-ஆம் எண் நெடுஞ்சாலை காப்பர் ஹார்பர் என்ற ஊருக்கு அப்பால் காட்டுக்குள் முடிகிறது. முடிகிற இடத்தில் ஒரு பலகை: மயாமி 1,990 மைல். அங்கே திரும்பினோம்.

இப்போது ஃபிளின்ட்.

கார் ஊர் என்றுதான் ஃபிளின்டை எல்லோரும் அறிவார்கள். அது மர ஊராகத்தான் தொடங்கியது. ஹென்றி கிரேப்போ என்பவர் காட்டை வாங்கி, ஃபிளின்ட் ஆற்றோரம் அறுவை மில் வைத்துப் பணக்காரரானார்; 1865-ல் மாநில ஆளுநராகவும் ஆனார். காடு தீர்ந்தது. ஊரில் மரவேலை தெரிந்தவர்களும் முதலும் மிச்சமிருந்தன. குதிரை வண்டி செய்தார்கள். 1886-ல் கூட்டாகக் குதிரை வண்டித் தொழிலைத் தொடங்கியவர்களில் ஒருவர் வில்லியம் டூரன்ட். கிரேப்போவின் மகள் வயிற்றுப் பேரன். 1908-ல் ஜெனரல் மோட்டார்ஸை நிறுவியவரும் அவர்தான். ஊரின் முக்கியத் தெருவில் 'வாகன நகரம்' என்று எழுதிய வளைவு இருக்கிறது. அந்தப் பெயர் குதிரை வண்டிக் காலத்தது.

1960-ல் அந்த ஊரின் மக்கள்தொகை 1,96,940. 2020-ல் 81,252. பியூக் சிட்டி ஆலை 1999-ல் மூடியது. அடுத்த வருஷம் என் கணவரின் வேலையும் போக, நாங்கள் தெற்கே வந்துவிட்டோம். 2014 ஏப்ரலில் செலவைக் குறைக்கவென்று ஊரின் குடிநீரை ஃபிளின்ட் ஆற்றுக்கு மாற்றினார்கள். குழாய் அரிப்பைத் தடுக்கும் மருந்தைச் சேர்க்கவில்லை. ஈயக் குழாய்களிலிருந்து ஈயம் கரைந்து குழந்தைகளின் ரத்தத்துக்குப் போயிற்று. நான் அந்த ஊர் நூலகத்தில் வேலை பார்த்தவள். அங்கே கதை கேட்க வந்த குழந்தைகள் அப்போது பெற்றோராகியிருந்தார்கள். அந்தத் தண்ணீரில்தான் அவர்கள் தங்கள் பிள்ளைகளுக்குப் பால் கலக்கினார்கள்.

இதைத்தான் நான் இந்த அவையில் சொல்ல வந்தேன். காட்டை வெட்டியவர்கள் விட்டுப்போன நிலத்தை அந்த மாநிலம் தன் பொறுப்பு என்று எடுத்துக்கொண்டது. நாற்றங்கால் போட்டது, சம்பளம் கொடுத்தது, முப்பது வருஷம், அறுபது வருஷம் காத்திருந்தது. 15 கிராம் குருவிக்குப் பல்லாயிரம் ஏக்கரை முறைவைத்து வளர்க்கிறது. அதே மாநிலத்தில், ஆலைக்காரர்கள் விட்டுப்போன ஊருக்கு அந்தப் பொறுமை கிடைக்கவில்லை, சிக்கனம்தான் கிடைத்தது. காட்டை மீட்கத் தெரிந்தவர்களுக்கு ஊரை மீட்கத் தெரியாமல் போகாது. மனம் வைக்கவில்லை என்றுதான் நான் சொல்வேன்.

நாங்கள் இருந்த தெருவுக்குள் ஆர்.வி. நுழையவில்லை, முனையில் நிறுத்திவிட்டு நடந்தோம். எங்கள் வீட்டை இடித்திருந்தார்கள். எங்களிடம் வாங்கியவர்கள் கைமாற்றி, அவர்களும் கைமாற்றி, கடைசியில் யாரும் வரி கட்டாமல் விட்டுவிட்டார்கள். அப்படி விடப்பட்ட வீடுகளை ஜெனிசி கவுண்டியில் லேண்ட் பேங்க் என்ற பொது அமைப்பு எடுத்துக்கொள்கிறது. குடியிருக்க ஆகாதவற்றை இடித்து, புல் விதைத்து விடுகிறது. அந்த ஊரில் அப்படி ஆயிரக்கணக்கான வீடுகள் போயிருக்கின்றன. தெருவின் ஒரு பக்கம் முழுக்கப் புல்வெளி. அதன் நடுவில் மகன் பிறந்தபோது என் கணவர் நட்ட மேப்பிள் மரம், சிவந்துபோய், தனியாக நின்றுகொண்டிருந்தது. அவர் போய் அதன்மேல் கையை வைத்தார். நான் கொஞ்சம் தள்ளியே நின்றேன்.

பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. கார் ஆலையில் முப்பது வருஷம் வேலை பார்த்த அம்மா, அதே வீட்டில்தான் இருக்கிறார். எண்பது வயதுக்கு மேல் இருக்கும். என் பெயரை அவர் சொல்கிற விதத்திலேயே சொல்லி, கட்டிக்கொண்டார். குழாயை மாற்றிவிட்டார்களாம், ஆனாலும் குடிக்க பாட்டில் தண்ணீர்தான் வாங்குகிறார். உள்ளே அட்டைப்பெட்டிகளில் அடுக்கி வைத்திருந்தார். எங்கள் வண்டித் தொட்டித் தண்ணீரை நாங்கள் எண்ணி எண்ணிச் செலவழித்தது பன்னிரண்டு நாள். அவருக்கு அது எட்டாவது வருஷம்.

பின்பக்கம் கூட்டிப்போய்க் காட்டினார். எங்கள் சமையலறை இருந்த இடத்தில் தக்காளியும் பீன்ஸும் கீரைப்பாத்தியும் போட்டிருந்தார். காலிமனையைப் பக்கத்து வீட்டுக்காரருக்கே குறைந்த விலைக்குக் கொடுக்கும் திட்டம் ஒன்று லேண்ட் பேங்கில் இருக்கிறது. அதில் எங்கள் மனையை அவர் வாங்கியிருக்கிறார். "உன் மரத்தை வெட்டவில்லை பார்" என்றார். கிளம்பும்போது ஒரு பை நிறையக் கீரை பறித்துக் கொடுத்தார்.

அந்த நிலத்துக்கு இப்போது வருஷா வருஷம் அவர்தான் வரி கட்டுகிறார்.